ரயருக்கு அடியில் போன நெல்

மாசி 2001, வெள்ளி இரவு, வவுனியா

இன்னும் கோபம் அடங்கவில்லை.

அறுவடை மெஷினை வாடகைக்குப் பேசும்போதே கமக்காரர் சங்கத் தலைவரிடம் சொன்னேன். "அண்ணை, எங்கட வயல் குளத்துக்குக் கீழ கிடக்கு, ஈரம் காயாது. ரயர்ச் சக்கரம் புதையும். ரயருக்குப் பதிலாச் சங்கிலிப் பட்டை பூட்டின மெஷினைப் பிடியுங்கோ."

அவர் சிரித்தார். "அம்பாறையில எல்லாரும் ரயர் மெஷினைத்தான் கேக்கினம். நீங்கள் மட்டும் என்ன புதுசாச் சொல்லுறியள்?"

அம்பாறைத் தரையும் என் தரையும் ஒன்றா?

இன்று அந்த மெஷின் என் வயலில் பாதி வெட்டுவதற்குள் அச்சுவரை புதைந்தது. பலகை போட்டும் அசையவில்லை. தலைவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நின்ற நெல்லை ஆட்களை விட்டு அரிந்து, கட்டுக்கட்டாக ரயருக்கு அடியில் திணிக்க வைத்தார். நன்றாக முற்றிய நெல். நான் கத்தக் கத்த, அதை மிதித்துக்கொண்டுதான் மெஷின் கரையேறியது.

போகும்போது அவர் சொன்னது: "அடுத்த போகத்துக்கு வயலை நேரத்தோட காய விடுங்கோ, தங்கச்சி. மெஷினுக்கு ஏத்த மாதிரி வயல் இருக்கவேணும்."

சேற்றுக்குள் கிடந்த நெல்லை அள்ளிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். கழுவவில்லை. நாளைக்குச் சங்கக் கூட்டம். அப்படியே அவருடைய மேசையில் கொட்டுவேன்.