நல்ல தண்ணி

ஜூலை 15, திங்கள்
காலையிலேயே வெயில். மாமாவின் கார் ரிப்பேர் ஷெட்டைக் கூட்டும்போது கண்ணில் பட்டது: சக்கரக் கம்பியின் அடியில் ஒரு கொப்புளம். கடுகளவு. நகத்தால் அழுத்தினேன். பெயின்ட் உடைந்து, உள்ளே துரு.

அந்தப் பழைய பச்சைக் காருக்கு ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து கம்பிச் சக்கரம். சிதம்பரத்தில் இருக்கும் ஒரு டாக்டருடைய கார், அவர் அப்பா ஓட்டியதாம். ஒரு சக்கரத்துக்கு 72 கம்பி. பழைய பெயின்டை உரித்ததும் கழுவியதும் நான். ஸ்பிரே அடித்தது பெயின்டர் தாஸ் அண்ணன். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மற்ற நாலையும் பார்த்தேன். எல்லாவற்றிலும்.

மாமாவிடம் சொல்லவில்லை. மத்தியானம் அவரே பார்த்துவிட்டார்.

ஜூலை 16, செவ்வாய்
புழுக்கம். தாஸ் அண்ணன் சிதம்பரத்திலிருந்து வழக்கமான பஸ்ஸில் வந்தார். டிபன் பாக்ஸைக்கூட கீழே வைக்கவில்லை.

மாமா: "இன்னாடா தாஸு, சக்கரத்துக்கு அம்மை போட்டிருக்கு? தின்னர்ல இன்னாத்த கலந்த?"

"நா ஏன் மச்சான் கலக்கப்போறேன்? கழுவுனதுல உப்பு நின்னிருக்கும். பாப்பா, கடைசியா நல்ல தண்ணிதான ஊத்துன?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவளப் போயி கேக்குற. வாயத் தொறந்து பேசவே மாட்டா, இதுல பொய் வேற சொல்லப்போறாளா?" என்றார் மாமா.

தாஸ் அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்பிரே கன்னைத் துடைத்து ஆணியில் மாட்டினார். போய்விட்டார்.

ஜூலை 17, புதன்
பெயின்ட் ரிமூவர் தடவி முதல் சக்கரம் மறுபடி. கையுறையில் ஓட்டை. விரல் எரிச்சல்.

இந்த நோட்டிலாவது உண்மை. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. கடைசி அலசலுக்கு மட்டும் தெருக்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வர வேண்டும். சக்கரம் கழுவிய அன்று குடத்தோடு போனபோது மணி நாலேகால். ஸ்கூல் விட்டு என்கூடப் படித்த பிள்ளைகள் குழாயடியில் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாவது யூனிஃபார்ம். நான் பத்தாவதோடு நின்றவள். மாமாவின் பழைய சட்டை, முழங்கை வரை பெயின்ட்.

"ஏய், அது நம்ம பவி இல்ல?"

திரும்பிவிட்டேன். காலிக் குடம். போர் தண்ணீரையே ஊற்றினேன். ஐந்துக்கும்.

பத்து நிமிஷம் மறைவாக நின்றிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள்.

ஜூலை 18, வியாழன்
வாங்க வேண்டியது: தேய்க்க எமரி ஷீட், கையுறை, மாஸ்கிங் டேப்.

மாமா டாக்டருக்கு போன். "ஆமாங்க சார், பெயின்டர் செஞ்ச வேலதான். கலப்படம். இனிமே அவன சேக்க மாட்டேன். ஒங்களுக்குத் தெரிஞ்சவுங்ககிட்டயும் சொல்லிடுங்க."

சிதம்பரத்தில் தாஸ் அண்ணனுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதே அந்த டாக்டர்தான்.

நான் பக்கத்திலேயே கம்பி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, வெள்ளி
தூறி நின்றது. இரண்டாவது சக்கரம் பாதி.

"மாமா. போரு தண்ணி."

"இன்னா போரு தண்ணி? மோட்டார் ஓடுதா?"

"நாந்தான் ஊத்துனேன். அஞ்சுக்கும். நல்ல தண்ணி புடிக்கல."

அடிப்பார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். தாஸுகிட்ட எந்த மூஞ்சிய வச்சிகினு பேசுவேன், பாப்பா?"

கை கழுவினேன். ரோட்டுக்குப் போய், சிதம்பரம் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.