நமது நிருபர், எங்கள் மதினி

ஆடி 13, செவ்வாய்

விடியும்போதே காற்று. கோலம் போட்டு நிமிர்வதற்குள் பாதியைக் காணோம். புள்ளிகள் மட்டும் மிச்சம்.

இன்று முதல் ஆடிச்சுற்று, கோயில் பிராகாரத்தை நூற்றெட்டுத் தடவை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் வேண்டுதலை முடிக்க வேண்டும். கோமதித் தாயே, முழங்காலைப் பார்த்துக்கொள்.

செலவு: பூ, கற்பூரம், வீட்டுக்காரர் இவர்களுக்குப் பிரஷர் மாத்திரை. பால் பாக்கி நாளை.

மத்தியானம் ரோஸ்லின் டீச்சர் வந்தார்கள். நூலகத்து வாசகர் வட்டத்தை நடத்துகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை விழாவாம். நம் பக்கத்தில் கதை எழுதிய, பத்திரிகையில் வேலை பார்த்த பெண்களுக்கெல்லாம் படமும் ஆளுக்கொரு குறிப்பும். கடையநல்லூரில் ஒரு அம்மா, வீட்டுக்காரர் சவுதியில் இருந்த வருடங்களில் சமையல்கட்டில் உட்கார்ந்து கதைகள் எழுதியிருக்கிறார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா, பெண்களுக்கென்று மாதப் பத்திரிகை நடத்தி, தானே அச்சுக் கோத்திருக்கிறார்கள். கேட்கக் கேட்க உடம்பு லேசானது.

"எங்க மதினி படம் வைக்கலியா டீச்சர்?" என்றேன்.

"ஒங்க அண்ணன்லா நிருபர்? கார்டு அவுக பேர்லதான இருந்துச்சு?"

உண்மைதான். ஆம்பிளை வேண்டும் என்று அந்தக் காலத்தில் பேப்பர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கார்டு அண்ணன் பேரில். எழுதியது எல்லாம் மதினி. பேப்பரில் வந்தது இரண்டு பேர் பெயரும் இல்லை, 'நமது நிருபர்'. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வாசிப்பு ஓடியதே மதினி எழுதிய செய்திகளில்தான். கம்மாய் உடைந்தது, பஞ்சு விலை, பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லாதது.

டீச்சர் போகும்போது சொன்னது: "அவுகளே வந்து சொன்னாப் போதும். நான் வச்சிருதேன்."

ஆடி 14, புதன்

வாசுதேவநல்லூருக்குப் போன் போட்டேன். மதினி அங்கே மகன் வீட்டில். கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா?"

"ஒரு நா வந்துட்டுப் போங்க மதினி. கார் அனுப்புதாகளாம்."

"வந்து என்ன சொல்லணும்? எம் புருசன் சும்மா கார்ட வச்சுக்கிட்டுத் திரிஞ்சாருன்னா? செத்த மனுசனப் பொய்க்காரனாக்கச் சொல்லுதியா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீயும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்த, பெறவு எங்கிட்டப் பேசாத."

வைத்துவிட்டார்கள். குழம்பில் உப்புப் போடவில்லை. இவர்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆடி 16, வெள்ளி

மேற்கே மலை தெரியவில்லை, மேகம். சாரல் முகத்தில் விழுந்ததா, பிரமையா?

கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சுற்றும்போது ஒரு மாதிரி மயக்கம். தலைசுற்றல் இல்லை, தூக்கம் மாதிரி. முன்னால் போகிற பெண்களின் முதுகு மட்டும் தெரிகிறது. ஈரத் தலை, மல்லிகை, சேலைத் தலைப்பு. அதில் ஒருத்தி கையில் அச்சு மை. ஒருத்தி தலையில் முக்காடு, முந்தியில் மடித்த காகிதம். மதினியும் அங்கேதான், அந்த வயசில், வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டு. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் கலைந்துபோவார்கள் என்று பேசாமல் நடந்தேன். எத்தனை சுற்று என்பது விட்டுப்போயிற்று. முதலில் இருந்து எண்ண வேண்டும். வருத்தம் இல்லை.

பின்னால் யாரோ: "எக்கா, நடங்க. சாமி ஊர்வலம் மாதிரில்லா போறீக."

கோயிலில் புற்றுமண் பிரசாதம் வாங்கி வந்தேன். மதினி கண்ணுக்கு.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் கிளறி வைத்துவிட்டு நூலகம் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

சுவர் நிறையப் பெண்கள். கண்ணாடி போட்டவர்கள், மூக்குத்தி போட்டவர்கள், ஒருவர் மடியில் குழந்தையோடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பூ. கோயிலில் நிற்பது போலவே நின்றேன்.

பேசி முடித்ததும் டீச்சர், "வேற யாரும் சொல்லணுமா?" என்றார்கள். நான் எழுந்தது தெரியும். மைக் குளிர்ந்திருந்தது தெரியும். பிறகு தண்ணீருக்குள் இருப்பது போல. எதிரில் வாய்கள், கைகள்.

என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை. மதினி பேச்சை மீறியது மட்டும் தெரியும்.

வாசலில் ஒரு பிள்ளை வந்து பேசியது. பாத்திமா, பேப்பருக்கு எழுதுகிறதாம். "நானும் 'நமது நிருபர்'தாம்மா. ஒங்க மதினி பேரு முழுசா என்ன?" சொன்னேன்.

இவர்களுக்கு நம்பிக்கை இல்லை. "மைக்ல பேசுனியா? நீயா?"

ஆடி 19, திங்கள்

காற்று நின்றிருக்கிறது. பேப்பர் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். உள்பக்கம், கீழே. மதினி பெயர், மாரியம்மாள், அச்சில். நான் பேசியதும் இருந்தது. யாரோ பேசியதைப் போல வாசித்தேன்.

வாசிக்கும்போதே எல்லாம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட், திருநெல்வேலி வண்டி, செய்திக் கவரோடு அண்ணன், பக்கத்தில் பாவாடை தாவணியில் நான், கண்டக்டர் சிரிப்பு. ஆமாம், அப்படியேதான் நடந்தது.

வாசுதேவநல்லூருக்குப் போன். மதினியே எடுத்தார்கள்.

"பேசாதன்னுல்லா சொன்னேன்?"

"பேசிட்டேன் மதினி. பேப்பர்ல வந்திருக்கு. வாசிக்கட்டுமா?"

வாசித்தேன். 'நிருபர் அட்டை வைத்திருந்த என் அண்ணன் தினமும் செய்திக் கவரைப் பேருந்தில் கொடுப்பார். என்ன அண்ணாச்சி, தினமும் காதல் கடிதமா என்று நடத்துநர் கேலி செய்வார். இது என் மனைவியின் எழுத்து, மழையில் நனையாமல் கொண்டுபோய்ச் சேருங்கள் என்று அண்ணன் பேருந்து நிலையமே கேட்கச் சொல்வார்.'

பேப்பரை மடியில் வைத்தேன்.

"இருக்கீகளா மதினி?"

"எங்கிட்ட ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லட்டி."

"நான் நின்னு கேட்டிருக்கேன் மதினி. தினமும் சொல்லுவாக."

அங்கே டிவியை அணைக்கச் சொல்வது கேட்டது. பிறகு:

"இன்னொருக்கா வாசி. மெதுவா."