வாப்பாவுக்கு ஒரு சலாம்

குண்டசாலை,
வியாழன் இரவு.

மதிப்புக்குரிய இராஜகுமாரி மிஸ் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை கச்சேரி அலுவலகத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு ஆட்கடத்தல் பற்றிப் பேச வந்தீர்களே, அன்று தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து போன பிள்ளை நான்தான். பெயர் ஷஹ்மா. எனக்குத் தாகம் எடுக்கவில்லை. நீங்கள் அந்த ஆற்றைப் பற்றிச் சொன்னதும் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். லைட் போடவில்லை, தெரு விளக்கு வெளிச்சம்தான். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். முன் அறையில் உம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஹாஷிம் மாமா படுத்திருக்கிறார். உம்மாவின் போன் அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது.

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை, என் பெரிய நானா அரூஸ், கண்டி டவுனில் போன் திருத்தும் கடையில் இருந்தார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று பெருநாளுக்குப் பிறகு மாமாதான் அனுப்பிவைத்தார். விசிட் விசா. போனதும் மாற்றிக் கொடுப்பார்களாம். முதல் தடவை பேசியபோது நானா, "ராவைல ஒரு ஆத்தக் கடந்து வந்தோம், நம்மட மகாவலி மாதிரி" என்றார். உடனே லைன் வெட்டுப்பட்டது. தாய்லாந்துக்கு என்று கூட்டிப் போகிறவர்களை ஆறு தாண்டி வேறு நாட்டில் அடைத்துவைக்கிறார்கள், வீட்டுக்கு நல்லதாகப் பேசவைத்து இன்னொருவரையும் வரவழைக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள்.

இப்போதெல்லாம் நானா முகம் காட்டிப் பேசுவதில்லை. பின்னால் தகரத்தில் மழை விழுவது போல ஒரு சத்தம். நிறையப் பேர் ஒரே நேரத்தில் கீபோர்டில் அடிக்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. அவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட இருமுவதில்லை. நானா வாசிப்பது போலப் பேசுவார். "நான் நல்லா ஈக்கிறன் உம்மா. சாப்பாடு நல்லம். வாப்பாக்கு சலாம் சொல்லுங்கோ."

மிஸ், எங்கள் வாப்பா மவுத்தாகி மூன்று வருஷம். அடக்கம் செய்தபோது மையத்தைக் கப்றுக் குழிக்குள் இறங்கி வாங்கி வைத்தது அரூஸ் நானாதான்.

உம்மா அதைக் கேட்டு அழுதுவிட்டார். கப்றில் இருப்பவர்களுக்குச் சலாம் சொல்வது எங்கள் வழக்கம். தூரத்தில் இருந்தும் மகன் வாப்பாவை மறக்கவில்லை என்று உம்மாவுக்குப் பெருமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சின்ன நானா ஹுதைபாவை மையவாடிக்கு அனுப்பினார். அவர் திரும்பி வந்து, "சொல்லிட்டன். வாப்பா ஒண்டும் பேசல்ல" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை நானா மறுபடியும் பேசினார். "வாப்பா எப்பிடி ஈக்காரோ, அப்பிடியே நானும் சுகமா ஈக்கிறன். ஹுதைபாவ அனுப்புங்கோ. வாப்பாட்ட கேட்டுப்போட்டு அனுப்புங்கோ." உம்மா போனை முத்தமிட்டார். வாப்பாவின் கப்றடியில் துஆ கேட்டுவிட்டு அனுப்பச் சொல்கிறார் என்றார். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. அது தெரிந்துதான், சுகமாக இல்லை, ஹுதைபாவை அனுப்பாதீர்கள் என்பதை நானா அப்படிச் சொல்கிறார்.

நான் அதை வாய்விட்டுச் சொன்னேன். "வாயக் கழுவு, புள்ள! உசிரோட ஈக்கிறவன மவுத்தாக்கிறாயா?" என்று உம்மா அடிக்க வந்தார். மாமா ஏசவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஷஹ்மா கெட்டிக்காரி" என்றார். அன்றிலிருந்து போன் அவரிடம். நான் பாடசாலை விட்டு வரும்போது கேட் அருகில் நிற்கிறார். ஒன்றும் கேட்பதில்லை, புன்னகைப்பார்.

ஹுதைபா நானாவிடம் தனியாகச் சொன்னேன். உடுப்புகளைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அப்ப நான் போகத்தான் வேணும். நானா அங்க தனியா எல்லோ ஈக்கிறார்" என்றார். அவருடைய பை கதவடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு விமானம்.

நீங்கள் தந்த நம்பருக்கு என் கூட்டாளி கஜலட்சுமியின் வீட்டிலிருந்து எடுக்கப் பார்த்தேன். "போன்ல நீ அழுதுருவடி, அவங்களுக்கு ஒன்னும் வெளங்காது. எழுதிக் குடு, அப்பாகிட்ட குடுத்துர்றேன்" என்றாள். அவளுடைய அப்பா உங்கள் கச்சேரியில்தான் வேலை. பாடசாலைக்குப் போகும் வழியில் அவள் வீட்டில் கொடுப்பேன், நாளைக் காலையே இது உங்கள் கைக்கு வரும்.

விமான நிலையத்திலும் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்றீர்கள். ஹுதைபா நானாவை அங்கேயாவது நிறுத்துங்கள் மிஸ். வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டாம். மாமா அங்கே ஒரு வார்த்தை சொன்னால் அரூஸ் நானாவை என்ன செய்வார்களோ.

இப்போது முன் அறையில் போன் வெளிச்சம் விழுந்தது. மணி அடிக்கவில்லை. மாமா யாருடனோ மெல்லப் பேசுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

அங்கிருந்து சில பையன்களை அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்தது என்று சொன்னீர்கள். அல்லாஹ் உங்கள் கைக்கு இன்னும் பலம் தரட்டும். என் நானாவையும் தேடி யாராவது போனால், அவர் பயத்தில் நம்பமாட்டார். அப்போது இதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: வாப்பாவிடம் கேட்டோம். ஹுதைபாவை அனுப்ப வேண்டாம், நீ திரும்பி வரவேண்டும் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
அரூஸின் தங்கை
ஷஹ்மா