மேல்காதில் ஒரு துளை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிடாதே. உன் முதுகுவலி குறைந்ததா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஒரு காதைத் தவிர.

பத்து நாளுக்கு முன் என் அறைத்தோழி, நாங்கள் கொசு என்று கூப்பிடுபவள், தையல் ஊசியைச் சுடவைத்து என் காதின் மேல்மடலில் குத்தி ஒரு வளையம் மாட்டினாள்.

"கத்தாதடி, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள்.

கடித்தது எறும்பு இல்லை அம்மா.

தினமும் உப்புநீரால் கழுவினேன். அப்படியும் வீங்கியது. பயந்துபோய் வளையத்தைக் கழற்றிவிட்டோம். அதுதான் தப்பு. துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிட்டது. காதை முடியால் மறைக்கிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல்.

விடுதி நர்ஸிடம் போனால் யார் குத்தியது என்று கேட்பார். கொசுவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

சற்றுமுன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மண்டு, காது அழுகிப்போச்சுன்னா என்னடி பண்ணுவ?" என்று திட்டிவிட்டு வெளியே போனவள் இன்னும் வரவில்லை.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்றை அனுப்பு. தலையணை உறை காதில் உரசுகிறது. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வெளியே கொசு அழுகிறாள். "நான்தான் குத்தினேன் சிஸ்டர், அவளை மட்டும் பாருங்க" என்கிறாள். அம்மா, நான்