அம்மாவின் "சரிங்க"

செவ்வாய்க்கிழமை.

கம்ப்யூட்டர் இப்போது மனுசன் மாதிரியே தமிழ் பேசுதாம். செய்தியில் பெருமையாகச் சொல்கிறான். பேசி என்ன கிழித்தது?

அம்மா இட்லி மாவு விற்கிறாள். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டால் இந்தக் கம்ப்யூட்டர் குரல்தான் எடுக்கிறது. அது பேசப் பேச அம்மா நடுநடுவே "சரிங்க, சரிங்க" என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்தச் சனியனோ ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது என்று புகாரை முடித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதை.

"சரிங்கன்னு சொல்லாத. இல்லைன்னு மட்டும் சொல்லும்மா."

"மூஞ்சில அடிச்ச மாதிரி அப்படி எப்படி கண்ணு சொல்றது?"

இன்று நானே போனைப் பிடுங்கிக் கத்தினேன். "சரியாகலடா! ஆளை அனுப்புடா!" ஒருவழியாகப் புகாரைப் பதிந்துகொண்டது. அதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள்.

"ஏனுங்க, பையன் கோவத்துல பேசிப்போட்டானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"உங்கள் புகாரை முடித்துவிடலாமா?" என்றது குரல்.

"சரிங்க, சரிங்க."

முடித்துவிட்டது.

மாவு முழுக்கப் புளித்துப் பொங்கிவிட்டது. நான்தான் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். நாளைக்கு விற்க ஒன்றும் இல்லை, ரிப்பேர் பார்க்கவும் எவனும் வரப்போவதில்லை. மெஷினிடம் போய் மன்னிப்புக் கேட்கிறாள். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.