நான் போட்ட ஓட்டு

ஐப்பசி, புதன்கிழமை இரவு

பிள்ளை இன்றும் பாரிஸிலிருந்து பேசவில்லை.

காலையில் மீன் கொண்டுவந்த செல்வி என்னோடு டிவி செய்தி பார்த்தாள். பிரான்ஸ் கரைக்கு வந்த அகதிகள் படகைத் திருப்பி அனுப்பியதில், அது கவிழ்ந்துபோயிருக்கிறது. பொறுப்பு யாருடையது என்று கேட்டதற்கு அந்த நாட்டுத் தலைவர், "மக்கள் இதற்காகத்தான் எனக்கு ஓட்டுப் போட்டார்கள்" என்றார்.

செல்விக்குப் பொறுக்கவில்லை. அவள் புருஷனைப் புயலில் காப்பாற்றியது இலங்கைப் படகு.

"கடல்ல தத்தளிக்கிறவன எந்த ஊருன்னு கேட்டா தூக்குவாங்க? இந்த ஆளுக்கு யாருங்கம்மா ஓட்டுப் போட்டது?"

காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலிருந்தே என் கணவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அவர் வழியில் எனக்கு வந்த ஓட்டை, போன தேர்தலில் இங்கே காரைக்காலிலேயே போட்டேன். "அவருக்கே போடுங்கம்மா, வந்து குவியுறவங்கள அவர்தான் நிறுத்துவாரு" என்று பிள்ளை போனில் சொன்னான். அவனும் இங்கிருந்து போனவன்தான். அதைக் கேட்கத் தோன்றவில்லை. பேசினானே என்ற சந்தோஷத்தில் போட்டேன்.

"அந்த ஊர்க்காரங்கதான்" என்றேன் செல்வியிடம்.

"அதானே! கடலோரத்துல இருக்குறவங்க போட்டிருக்க மாட்டாங்க."

எனக்குப் பிடிக்குமென்று இரண்டு சங்கரா மீன் கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள். குழம்பு வைத்தேன். சட்டி அப்படியே இருக்கிறது.