எரிகல் விழுந்த மாலை

அன்புள்ள தெய்வம்மாவுக்கு,

தேயிலை ஃபேக்டரி மூடியபோது சண்டை போட்டதிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் மழை விட்ட அந்த மாலையில் என் வாசலுக்கு ஓடிவந்து கத்தியது நீதான்.

“ஏய், வானத்துல கல்லு எரிஞ்சிக்கிட்டுப் போகுது! புள்ளையத் தூக்கிட்டு வெளிய வாடி!”

தொட்டிலில் கிடந்தவளை அள்ளிக்கொண்டு வந்தேன். பச்சையாய் எரிந்தபடி அது பந்தலூர் மலைக்கு அப்பால் மறைந்தது. நாம் அண்ணாந்து நிற்கும்போதே, ஈரத்தில் ஊறிய என் வீட்டுச் சுவர் தொட்டில்மேல் சரிந்தது.

விண்வெளியில் எத்தனையோ காலம் சுற்றிய சிறு கல் என்றார் வாத்தியார். எஸ்டேட் லைன் வீட்டுச் சனமெல்லாம் அது போன திசையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றியது. உனக்கு நன்றி சொல்ல நான் வருவதற்குள் நீ திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாய்.

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். முதலில் போய்த் தட்டியது பூட்டிக் கிடக்கும் உன் கதவைத்தான். பொங்கலுக்காவது வந்து திறடி.

உன் பக்கத்து வீட்டுக்காரி